கடைமடைக்காரர் வீட்டுக்கு வந்த இன்டர்நெட்

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதம் கழித்துத்தான் பிராட்பேண்ட் என்கிற அந்தச் சனியனைத் தேடிப் புறப்பட்டேன். அதுவரை எங்கள் வீட்டில் இன்டர்நெட் என்றால் என் செல்போன் மட்டும்தான். காலையில் தங்கச்சி அனுப்பும் சாமி படம், ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரிலிருந்து கொழுந்தனார் கூப்பிட்டு அளக்கும் கதை, அதற்குமேல் அதற்கு வேலை கிடையாது. நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்துகொண்டு நாலு பேரும் தனித்தனியாகப் போனைப் பார்த்துச் சிரிப்பதைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிப்பட்டவள்தான் கடைசியில் அதற்காக நாயாய் அலைந்தேன்.

காரணம் அவர் வாய். வந்த நோய் வலது கையையும் காலையும் இழுத்துப் போட்டதோடு நிற்காமல் பேச்சையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. புத்தி அப்படியே இருந்தது. குழம்பில் உப்பு குறைந்தால் முகம் சுளித்தார், உர மூட்டை ரசீதை நீட்டினால் தலைகீழாக இருக்கிறது என்று திருப்பிப் பிடித்தார். ஆனால் எதைச் சொல்ல வாயெடுத்தாலும் "தா, தா" என்று ஒரே ஒலிதான். முன்பெல்லாம் அது ஊருக்கே கேட்கிற தொண்டை. வரப்பில் நின்று ஆளைக் கூப்பிட்டால் மூன்றாவது வயலில் மேய்கிற மாடு தலை தூக்கிப் பார்க்கும். எனக்கு அந்தச் சத்தம் திரும்ப வேண்டியிருந்தது. வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

தஞ்சாவூரில் பார்த்த டாக்டர், நடை தானாக வரும், பேச்சுக்குத்தான் பயிற்சி வேண்டும், அதுவும் இந்த முதல் ஒரு வருஷத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு கொடுக்க வேண்டும் என்றார். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒருவரைக் காட்டினார். நல்ல பொறுமைசாலி. ஆனால் நாங்கள் இருப்பதோ திருக்கடையூர் தாண்டி, கடல்காற்று அடிக்கும் மூலையில். ஆளைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றி, மாயவரத்தில் இறக்கி, மறுபடி ஏற்றி, வாரத்துக்கு மூன்று நாள் தஞ்சாவூர் போவது நடக்கிற காரியமா? சரி, வீடியோவில் சொல்லித் தருகிறேன் என்று அந்த அம்மாவே இறங்கி வந்தார். திங்கள், புதன், வெள்ளி, காலை பதினோரு மணியிலிருந்து பன்னிரண்டு வரை.

பாடம் என்ன தெரியுமா? அந்த அம்மா உதட்டை மூடி "ம்" என்பார், திறந்து "மா" என்பார். இவர் அந்த உதட்டையே பார்த்து அப்படியே செய்ய வேண்டும். எங்கள் ஊர் டவருக்கு அது பொறுக்குமா? அந்த அம்மா வாயைப் பிளந்தபடி அப்படியே நின்றுபோவார். இவரும் வாயைப் பிளந்துகொண்டு எதிரே உட்கார்ந்திருப்பார். ஐந்து நொடி கழித்து அந்தப் பக்கம் வேறு எழுத்துக்குப் போயிருக்கும், இந்தப் பக்கம் பழைய எழுத்தே நடந்துகொண்டிருக்கும். ஒருநாள் இடது கையால் போனைத் தூக்கி வீசினார். அது அரிசி மூட்டைமேல் போய் விழுந்ததால் பிழைத்தது.

அந்த அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டார். "இப்படி விட்டு விட்டு வந்தா, தப்பான வாயசைப்பே பழகிப்போயிரும்மா. ஒண்ணு நல்ல லைனா போடுங்க. இல்லன்னா நேர்ல கூட்டிட்டு வாங்க. ரெண்டும் முடியலன்னா நிறுத்திக்கலாம், உங்க பணமும் வீண், என் நேரமும் வீண்."

நிறுத்துவதாவது! அன்றைக்கே டவுனுக்குக் கிளம்பினேன்.

முதல் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் ஒரே நிறத்தில் பனியன் மாட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்தார்கள். நான் தண்ணீர் கொடுத்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, என்ன விவரம் என்று கேட்டால், இரண்டு பேர் கண்ணும் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்க்கிறது. "சார் இருக்காங்களா மேடம்? சார்கிட்டயே பேசிடறோமே."

"பேசுங்களேன், பேசிப் பாருங்க" என்று உள்ளே கூட்டிக்கொண்டு போய் விட்டேன். மகாராஜாவுக்குக் காணிக்கை வைப்பதுபோல் அவர் கட்டிலுக்கு எதிரே காகிதங்களைப் பரப்பி, கால் மணி நேரம் வாய் கிழியப் பேசினார்கள். அவர் "தா" என்றதும் இரண்டு பேருக்கும் முகம் செத்துப்போனது. எனக்குக் குரூரமான ஒரு சந்தோஷம், ஒளிப்பானேன்.

பிறகு என்னிடம் வந்தார்கள். இருபத்தெட்டு வருஷம் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள் நான். கேள்வி கேட்கத் தெரியும். "இங்கேருந்து அனுப்புற வேகம் எவ்வளவு?" என்றேன். "அன்லிமிடெட் மேடம்" என்றான் ஒருவன். "அளவு கேக்கல தம்பி, வேகம் கேட்டேன்." "சூப்பரா இருக்கும் மேடம்." அடுத்தவன் அவனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, பன்னிரண்டு சினிமா ஆப் இலவசம் என்றான். எங்கள் வீட்டில் ஒரு மனுஷன் "மா" என்று சொல்ல முடியாமல் தவிக்கிறார், அதற்குப் பன்னிரண்டு சினிமா ஆப். நான் எழுந்து டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அப்படியும் விடவில்லை, வாசலில் நின்று, உங்கள் தெருவில் கடைசி வீடு உங்களுடையதுதான், எல்லா வீட்டுக்கும் கொடுத்துவிட்டு உங்களுக்கும் இழுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அந்தக் கடைசிப் பேச்சைக் கட்டிலில் கிடந்தவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

இரண்டாவது கம்பெனிக்காரன் இன்னும் மேதாவி. கம்பியே வேண்டாம், மொட்டை மாடியில் ஒரு டப்பா வைத்தால் போதும், டவரிலிருந்து பிடித்துக்கொள்ளும் என்றான். "எந்த டவர்?" என்றேன். கையை நீட்டினான். என் போனை இத்தனை நாள் சாகடித்துக்கொண்டிருந்த அதே டவர். "அதே டவர்தானே தம்பி?" "இது வேற டெக்னாலஜி மேடம்." "என்ன அலைவரிசை?" "நல்ல அலைவரிசை மேடம்." பத்தாம் வகுப்பில் இப்படிப் பதில் எழுதியவர்களை நான் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறேன். இவனை எதன்மேல் ஏற்றுவது?

இதற்கு நடுவில் சிங்கப்பூர் மகான். என் வீட்டுக்காரரின் தம்பி. அண்ணனைப் பார்க்க வர லீவு கிடைக்கவில்லை, ஆனால் யோசனைக்குப் பஞ்சமில்லை. "அண்ணி, எந்த கம்பெனி வேணா போடுங்க, ரவுட்டர்தான் முக்கியம். எட்டு ஆண்டெனா உள்ளது வாங்கணும்" என்று ஆறு நிமிஷத்துக்கு ஒரு குரல் பதிவு. ஊருக்கு வந்த யார் கையிலோ அதைக் கொடுத்தும் அனுப்பிவிட்டார். மல்லாக்கப் போட்ட நண்டு மாதிரி இருந்தது. அதை அவர் அங்கேயே தன் பேரில் பதிந்து, தன் போனோடு கோத்து அனுப்பியிருக்கிறார். பாஸ்வேர்டு மாற்ற வேண்டும் என்றால் அதற்கான ரகசிய எண் அவர் போனுக்குப் போகும். அவர் வேலையில் இருந்தால் சாயங்காலம் வரை நாங்கள் கைகட்டிக் காத்திருக்க வேண்டும். அண்ணன் வீட்டு வாசற்கதவுக்குச் சாவியைச் சிங்கப்பூரில் வைத்திருப்பார் போலிருக்கிறது. நான் அதை வந்த அட்டைப்பெட்டியிலேயே திரும்பப் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டு, மாயவரத்தில் இரண்டு கொம்பு வைத்த சாதா ரவுட்டர் ஒன்று வாங்கி வந்தேன். வீட்டில் இருப்பது இரண்டு பேர். எட்டுக் கொம்பு யாரை முட்ட?

கடைசியில் வந்து சேர்ந்தது எங்கள் ஊர் கேபிள் டிவிக்காரர். என் வீட்டுக்காரருக்குத் தூரத்துப் பங்காளி. டிவி தெரியாமல் போனால் பத்து நாள் தண்ணி காட்டுகிற ஆள். இப்போது இன்டர்நெட்டும் கொடுக்கிறாராம். அவரிடம் மட்டும் கூடாது என்று நான் முடிவு செய்திருந்தேன். ஆனால் மனுஷன் நேரே உள்ளே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, உங்க வாசல் சுவத்துல ஒரு பொட்டி வைக்கணும். மெயின் லைன் டவுன்லேருந்து வயல் வழியா வந்து முதல்ல உங்க வீட்டுல ஏறும். இங்கேருந்துதான் தெரு முழுக்கப் பிரிச்சு விடப்போறேன்" என்றார்.

மூன்று மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்த தலை நிமிர்ந்தது.

இதை எங்கள் பக்கத்துக்கு வெளியே உள்ளவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். நான் பிறந்தது பூதலூர்ப் பக்கம். கல்லணையில் தண்ணீர் திறந்தார்கள் என்று பேப்பரில் வருவதற்கு முன்னால் எங்கள் வாய்க்காலில் வந்துவிடும். தண்ணீருக்கு ஒருவன் இன்னொருவனிடம் போய் நிற்க வேண்டும் என்பதே கல்யாணமாகி இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். இது கடைமடை. காவிரி எல்லார் வயிற்றையும் நிரப்பிவிட்டு, மிச்சமிருந்தால் எங்களை எட்டிப் பார்க்கும். அதிலும் எங்கள் நிலம் வாய்க்காலின் கடைசி. மேலே உள்ளவன் பலகையைப் போட்டு மடையை அடைத்துவிட்டால் இங்கே பயிர் வெளுத்துவிடும். முப்பது வருஷம் இவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே போய் ஒவ்வொரு மடையாகக் கெஞ்சித் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார். எங்களுக்குள் எந்தச் சண்டை வந்தாலும், புடவை விஷயமானாலும் சரி, புளிக்குழம்பு விஷயமானாலும் சரி, "நீ தலைமடைக்காரிதானே" என்பதில்தான் கொண்டுபோய் முடிப்பார்.

அவர் என்னைப் பார்த்து இடது கையால் எழுதுவதுபோல் காட்டினார். நோட்டும் பென்சிலும் கொடுத்தேன். எழுத்தும் பேச்சோடு போயிருந்தது, ஒரு கோடு இழுத்தார். அதில் வரிசையாகப் பதினோரு சின்னக் கட்டம், கடைசியில் ஒரு பெரிய கட்டம். அது முதல் கம்பெனி. பெரிய கட்டத்தைக் குறுக்கே அடித்தார். பக்கத்தில் இன்னொரு கோடு, இதில் பெரிய கட்டம் முதலில். அதைச் சுற்றி வட்டம் போட்டார், போட்டார், பென்சில் முனை ஒடியும்வரை போட்டார்.

எனக்குப் புரிந்தது. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். "ஏங்க, இது தண்ணி இல்லீங்க. வெளிச்சம். கண்ணாடி இழைக்குள்ள போற வெளிச்சம். முதல் வீட்டுக்காரன் குடிச்சிட்டு மிச்சத்தக் கடைசி வீட்டுக்கு விடறதில்ல" என்று பாடமே நடத்தினேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, தலைமடைக்காரிக்கு என்ன தெரியும் என்கிற அதே பழைய பார்வை. அதோடு விட்டாரா? ஆள்காட்டி விரலை நிமிர்த்தித் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். எனக்கு விளங்கவில்லை. கேபிள்காரருக்கு உடனே விளங்கிவிட்டது, அவரும் கடைமடை ரத்தம்தானே. "அண்ணனுக்குத் தனி இழை. பொட்டியில சேராம நேரா உள்ள வந்துரும். பொட்டி தெருவுக்கு. அதானேண்ணே?" அவர் தலையை ஆட்டினார்.

இரண்டு கிறுக்கர்கள் சேர்ந்து வாய்க்கால் வெட்டுகிறார்கள், நான் வேடிக்கை பார்க்கிறேன். ஆனாலும் சரி என்றேன். மூன்று மாதமாக அந்த மனுஷன் எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை. சோறா தோசையா என்று கேட்டால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். இதை மட்டும் கேட்டார். முட்டாள்தனமாகத்தான் கேட்டார், அதனால் என்ன, கேட்டாரே.

வாசல் சுவரில் சாம்பல் நிற இரும்புப் பெட்டி ஏறியது. உள்ளே சின்ன விசிறி ஒன்று நாள் முழுக்க இரைந்துகொண்டிருக்கும். பெட்டிக்குக் கரண்ட் எங்கள் வீட்டிலிருந்து. நிலைப்படிக்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு சுவிட்ச் வைத்தார்கள். பெட்டியிலிருந்து புறப்பட்ட கம்பி பதினோரு வீட்டுக்கும் போய், வாய்க்காலைத் தாண்டித் தெற்குத் தெருவில் ஒரே ஒரு வீட்டில் போய் முடிந்தது.

சொல்லக்கூடாதுதான், லைன் அருமையாக இருந்தது. டிவியில் போட்டோம். தஞ்சாவூர் அம்மாவின் உதடு ஒரு முழத்துக்குத் தெரிந்தது. ஒரு இடத்தில் நிற்கவில்லை, நடுங்கவில்லை. "இப்பதான்மா பாடம் நடத்துற மாதிரி இருக்கு" என்றார் அந்த அம்மா. ஆனால் பேச்சு வரவில்லை. வாரங்கள் ஓடி மாதங்களாயின. "ம்" வந்தது, "மா" பாதி வந்தது. சொல் என்று ஒன்று வரவில்லை. மாட்டுப் படத்தைக் காட்டி என்ன என்று கேட்டால் அவர் கண்ணில் தண்ணீர் நிற்கும்.

ஒரே ஒரு முன்னேற்றம் நடையில். வகுப்புக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தானாகவே எழுந்திருப்பார். சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது காலை இழுத்து இழுத்து வாசல்வரை போவார், திரும்பி வருவார். வகுப்பு முடிந்ததும் மறுபடி ஒருமுறை. யாரும் சொல்லவில்லை, யாரும் பிடிக்கவில்லை. நான் அடுப்படியில் நின்று அந்தக் கால் இழுபடும் சத்தத்தைக் கேட்டுப் பூரித்துப்போவேன். பயிற்சியில் அக்கறை வந்துவிட்டது என்று தஞ்சாவூர் அம்மாவிடம் சொன்னேன், அவர் கைதட்டினார். சிங்கப்பூருக்குச் சொன்னேன், அவர் அதற்கும், பரணில் தூங்குகிற தன் ரவுட்டர்தான் காரணம் என்றார்.

அதே சமயத்தில் தெருவில் இன்டர்நெட் அடிக்கடி நின்றது. கேபிள்காரர் ஏணியோடு வந்து கம்பம் கம்பமாக ஏறினார். முதலில் அணில் கடித்துவிட்டது என்றார். பிறகு அறுப்பு மிஷின் போகும்போது கம்பியை இழுத்துவிட்டது என்றார். அறுப்பு முடிந்த பிறகு உப்புக்காற்று என்றார். அவர் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே தானாகச் சரியாகிவிடும், ஏதோ தன் கைராசி மாதிரி இறங்கி வந்து காப்பி கேட்பார். தெருவில் உள்ள சீரியல் பைத்தியங்கள் அத்தனையும் எங்கள் வாசலுக்கு வரும். பெட்டி எங்கள் சுவரில் இருக்கிறதே, நான்தான் ஏதோ கலெக்டர் மாதிரி. "உங்க வீட்டுல மட்டும் எப்படி டீச்சர் நிக்காம வருது?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"எங்களுக்குத் தனி இழை" என்றேன் நான்.

எப்படிச் சொன்னேன் தெரியுமா? தலையைக் கொஞ்சம் சாய்த்து, அலட்சியமாக. தலையில் அடித்துக்கொண்ட அதே நான்தான். சொல்லும்போது உள்ளுக்குள் இனித்தது. இப்போது நினைத்தால் அசிங்கமாக இருக்கிறது.

ஒரு புதன்கிழமை, பதினோரு மணிக்குக் கொஞ்சம் முன்னால், தெற்குத் தெருவின் அந்தக் கடைசி வீட்டுப் பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். அவள் அப்பா எங்கள் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் வந்தவர். இவள் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு, வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனி ஒன்றுக்குக் கணினியில் வேலை செய்கிறாள். கோயில் நிலத்தில் ஒன்றரை மா, அதாவது அரை ஏக்கர், குத்தகைக்கு எடுத்து அம்மாவோடு சாகுபடியும் பார்க்கிறாள். சுற்றுவட்டாரத்தில் இன்டர்நெட்டை உருப்படியான காரியத்துக்கு வைத்திருந்தது அவள் ஒருத்திதான். படியேறாமல் வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்றேன், வரவில்லை. கையில் ஒரு நோட்டு.

"டீச்சர், ஒரு மாசமா நான் எழுதி வச்சிருக்கேன். லைன் நிக்கிறது திங்க, புதன், வெள்ளி மட்டும்தான். பதினொண்ணு அடிக்கிறதுக்கு முன்னாடி நிக்கும், பன்னெண்டுக்கு மேல வந்துரும். செவ்வாக்கிழமை நின்னதே இல்ல. அணிலுக்கு எப்படி டீச்சர் கிழமை தெரியும்?"

நோட்டை எட்டிப் பார்த்தேன், எல்லாம் எங்கள் வகுப்புக் கிழமைகள். அவள் மேலே சொன்னாள். தினமும் பதினோரு மணிக்குத்தான் அவள் கம்பெனியில் எல்லாரும் கூடிப் பேசுவார்களாம். வாரத்தில் மூன்று நாள் அதில் அவள் முகமே வருவதில்லை. அடுத்த மாதத்திலிருந்து சென்னை ஆபீஸுக்கு வந்து சேர், இல்லையென்றால் வேலையை விட்டுவிடு என்று சொல்லிவிட்டார்களாம். "அம்மாவ விட்டுட்டு நான் எப்படி டீச்சர் போவேன்? நட்ட பயிரு கிடக்கு."

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே கால் இழுபடும் சத்தம் கேட்டது. இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். எங்கள் இரண்டு பேரையும் அவர் பார்க்கவில்லை. அவர் கண் சுவிட்சில் இருந்தது. இடது கையை எட்டி நீட்டி அதை அணைத்தார். பெட்டிக்குள் இரைந்துகொண்டிருந்த விசிறி நின்றது.

அட பாவி மனுஷா! இத்தனை மாதமாக நான் பூரித்துப்போன நடை இதற்குத்தானா? நம் பாடம் நடக்கும்போது கீழே இருக்கிற மடையெல்லாம் அடைத்துவிட்டால் நமக்கு முழுத் தண்ணீரும் பாயும். முடிந்ததும் திறந்துவிடலாம், இதுதான் அவர் கணக்கு. தனி இழை என்று தானே கேட்டு வாங்கியவர். பெட்டி ஓடினாலும் அணைந்தாலும் எங்கள் வீட்டுக்கு ஒரு இம்மி கூடாது, ஒரு இம்மி குறையாது. அதுகூடத் தெரியாமல் வாரத்துக்கு மூன்று நாள் தெருவையே சாகடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் பேசிவிட்டாள். கோபமே இல்லை, பணிவாகத்தான் கேட்டாள். "சார், அந்த சுவிச்சப் போட்டு விடுங்க சார். எங்க வீட்டுல நின்னு போயிருது சார்."

அவர் திரும்பினார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"முடியாது" என்றார். "போ."

தெளிவாக. கோணல் இல்லை, குழறல் இல்லை. பழைய தொண்டை, பழைய கனம்.

"ஏங்க! பேசிட்டீங்களே!" என்று கத்திவிட்டேன். என்ன சொன்னார், யாரிடம் சொன்னார் என்பதெல்லாம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. எட்டு மாதம் ஒரு சொல்லுக்காகத் தவம் கிடந்தவள், அந்த நிமிஷம் சந்தோஷம் தவிர வேறொன்றும் எனக்குள் இல்லை. அதை மறைத்து எழுத மாட்டேன்.

அந்தப் பெண்ணும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், சார் பேசிட்டாங்க டீச்சர்!" என்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. பிறகு மெதுவாகக் கையை விட்டாள். பெட்டியைப் பார்த்தாள், நோட்டை மூடினாள், இரண்டடி பின்னால் போய் நின்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேலே போய் மடை மடையாகக் கெஞ்சியபோது அவர்கள் என்ன சொன்னார்கள் என்று இவர் ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. மண்வெட்டியை மூலையில் சாத்திவிட்டுப் பேசாமல் படுத்துவிடுவார். இதைத்தான் சொல்லியிருப்பார்கள், இதே குரலில்தான் சொல்லியிருப்பார்கள். அதுமட்டுமா? இவள் அப்பா எங்கள் களத்தில் நின்று கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டிருப்பாரே. அன்றைக்கு என்ன பதில் கிடைத்திருக்கும்? இரண்டடி பின்னால் போய் நிற்பது அவளுக்கு எப்படி இவ்வளவு இயல்பாக வருகிறது?

நான் போய்ச் சுவிட்சைப் போட்டேன். விசிறி சுற்றியது. "முடியாது!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார், இடது கையால் சுவரில் அறைந்தார். "நூறு தடவை சொல்லுங்க, காது குளிரக் கேக்கறேன். ஆனா இனிமே இந்த சுவிச்சத் தொடப்படாது" என்றேன். அந்தப் பெண்ணிடம், "ஓடும்மா, பதினொண்ணு ஆயிருச்சு" என்றேன். அவள் வாய்க்காலைப் பார்த்து ஓடினாள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

வகுப்பு தொடங்கியது. என் முகத்தைப் பார்த்ததுமே தஞ்சாவூர் அம்மாவுக்கு ஏதோ தெரிந்துவிட்டது. "என்னம்மா? ஏதாவது சொன்னாரா?"

"சொன்னாருங்க."

"ஐயோ! என்ன சொன்னாரு? முதல் சொல்லு என்ன?"

பக்கத்து நாற்காலியில் இவர் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டிவியில் அந்த அம்மா பேனாவை எடுத்துக்கொண்டு காத்திருந்தார்.

"வாங்கன்னு சொன்னாருங்க" என்றேன். "வாசல்ல ஒரு பொண்ணு வந்துச்சு. அதப் பாத்துச் சொன்னாரு."

அந்த அம்மா இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினார். "எவ்வளவு நல்ல சொல்லு! அப்ப இன்னிக்கு வேற பாடம் வேணாம். அதையே திருப்பிச் சொல்ல வைப்போம். சார், என் உதட்டப் பாருங்க. வா... ங்... க."

பதினோரு வீட்டிலும் லைன் ஓடிக்கொண்டிருந்தது, கடைசி வீட்டில் அந்தப் பெண் தன் கம்பெனிக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தாள். எங்கள் டிவியில் படம் ஒரு நொடிகூட நிற்கவில்லை, ஒவ்வொரு உதட்டசைவும் கண்ணாடி மாதிரி தெரிந்தது. அவர் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். நெற்றி வியர்த்துவிட்டது. அந்த அம்மா சலிக்காமல் முப்பது தடவை சொல்லிக் காட்டினார். அவருக்கு அந்தச் சொல் வரவில்லை.